விருத்தாசலத்துப் பீங்கானுக்கு எது காரணம்? ஒரே ஊரை வைத்துப் பெரிய கோட்பாடுகளைச் சோதிக்க முடியுமா?

இன்றைய பகுதியில் ஒரே ஒரு ஊரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். விருத்தாசலம். பழைய பெயர் திருமுதுகுன்றம். விருத்தகிரீஸ்வரர் கோயில், மணிமுத்தாறு, மாசி மகம், இதெல்லாம் நிறைய பேருக்குத் தெரியும். ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு ஜங்ஷன்: விழுப்புரம்–திருச்சி பாதையும் கடலூர்–சேலம் பாதையும் சந்திக்கிற இடம். இன்னொரு அடையாளமும் அந்த ஊருக்கு உண்டு. பீங்கான். கார்த்திகைக்கு ஏற்றுகிற பீங்கான் அகல், கொலுப்படியில் நிற்கிற பொம்மை, பழைய வீட்டு மெயின் போர்டில் இருக்கிற வெள்ளை ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர், இதெல்லாம் அங்கே செய்கிற சரக்கு.

ஏன் அந்த ஊர்? யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் பதில் வரும்: "பக்கத்துல நெய்வேலி. சுரங்கத்துல வெள்ளைக் களிமண் கிடைக்குது. அதான்."

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்க. அந்த ஒற்றை வரிக்குள்ளே ஒரு பெரிய சமூக அறிவியல் கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது: மூலப்பொருள் எங்கே இருக்கிறதோ, தொழில் அங்கே போகும். இது சரியா தவறா என்று ஒரு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? முடியும் என்பதுதான் என் கட்சி. எப்படி என்று பார்ப்போம்.

போட்டியில் நிற்கும் நான்கு பதில்கள்

முதல் பதில், இப்போது சொன்ன மண். இதைக் கணக்காக எழுதியவர் ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வேபர், 1909இல். (சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் தம்பி.) பொருளைத் தூக்கிக்கொண்டு போகிற செலவு எங்கே குறைவோ, முதலாளி அங்கே ஆலை போடுவான் என்பது அவர் வாதம். குறிப்பாக, செய்யும்போது எடை இழக்கிற மூலப்பொருள் தொழிலைத் தன் பக்கம் இழுக்கும். கரும்பு ஆலைக்குப் பக்கத்தில் கரும்புத் தோட்டம் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது பதில், கூட்டம். ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதியது. ஒரே தொழில் செய்கிறவர்கள் ஓரிடத்தில் குவிந்துவிட்டால், அச்சு செய்பவர், சூளை கட்டுபவர், சரக்கு எடுக்கும் வியாபாரி எல்லாரும் அங்கேயே வந்து சேருவார்கள். தொழில் ரகசியம் ரகசியமாக இருக்காது. தெருவில் விளையாடுகிற பிள்ளைக்கும் பாதி தெரிந்திருக்கும். திருப்பூரையும் சிவகாசியையும் இப்படித்தான் விளக்குவார்கள்.

மூன்றாவது பதில், அரசு. பொருளியல் வரலாற்றாசிரியர் அலெக்சாண்டர் கெர்ஷன்க்ரோனின் பெயரோடு சேர்ந்த கருத்து இது. 1962இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு இதற்குப் பேர்போனது. பிந்தித் தொழில்மயமாகிற நாடுகளில் தனியார் முதலீடு தானாக வராது. வங்கியோ அரசோ முன்னால் நின்று தள்ள வேண்டும்.

நான்காவது பதில், பரம்பரை. குயவர்கள் வாழ்ந்த இடத்தில் மண் தொழில் வளர்ந்தது, அவ்வளவுதான் என்பது. நம் ஊரில் எந்தக் கைத்தொழிலைப் பற்றிப் பேசினாலும் இந்த விளக்கம் வந்துவிடும்.

நான்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. விருத்தாசலத்தைக் காட்டி நான்கையுமே "பாருங்க, பொருந்துது" என்று சொல்லிவிடலாம். சிக்கலே அங்கேதான்.

பொருந்துவது போதாது

1994இல் கிங், கோஹேன், வெர்பா என்ற மூன்று அமெரிக்க அரசியல் அறிஞர்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். சமூக ஆராய்ச்சியின் முறையியலில் பெரிய சண்டையைக் கிளப்பிய புத்தகம். ஒரே ஒரு நிகழ்வை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லாதே, எண்ணிக்கையைக் கூட்டு என்பது அதன் போக்கு. நூறு ஊர்களை எடு, மண் இருக்கிறதா, சூளை இருக்கிறதா என்று பட்டியல் போடு.

இதற்கு மறுப்பும் வந்தது. ஹென்றி பிரேடியும் டேவிட் காலியரும் 2004இல் தொகுத்த நூல் அதில் முக்கியமானது. அவர்கள் சொன்னதை நம் மொழியில் சொன்னால்: பட்டியல் இரண்டும் சேர்ந்து இருக்கிறதா என்றுதான் காட்டும். ஒன்று இன்னொன்றை எப்படிக் கொண்டுவந்தது என்பதை ஊருக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். துப்பறிகிறவர் நூறு கொலைகளை ஒப்பிட்டுக் குற்றவாளியைப் பிடிப்பதில்லை. ஒரே கொலையில் பல தடயங்களைப் பார்க்கிறார்.

ஆனால் எல்லாத் தடயமும் சம எடை உள்ளதல்ல. ஸ்டீஃபன் வான் எவெரா என்பவர் 1997இல் இதைத் தரம் பிரித்தார். ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். மாசி மகத்தன்று ஒரு கோயிலில் வெள்ளி விளக்கு காணாமல் போகிறது. ஒருவர் மேல் சந்தேகம். அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தால் அவர் தப்பித்தார். ஊரில் இருந்தார் என்றால்? திருவிழாவுக்கு வந்த ஆயிரக்கணக்கான பேரும்தான் இருந்தார்கள். அதனால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. இது ஒரு வாசல்: தாண்டாதவர் போட்டியிலிருந்து வெளியே, தாண்டியவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. விளக்கு அவர் வீட்டுப் பரணில் கிடைத்தால் அது வேறு ரகம், கையும் களவுமான சான்று. ஆனால் பரணில் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் அவர் நிரபராதி ஆகிவிட மாட்டார்.

ஆக, ஒரு தடயத்தைப் பார்த்து "இது என் கோட்பாட்டுக்குப் பொருந்துகிறதா?" என்று கேட்டால் போதாது. "என் கோட்பாடு பொய்யாக இருந்தாலும் இந்தத் தடயம் இருந்திருக்குமா?" என்று கேட்கணும். இருந்திருக்கும் என்றால் அந்தத் தடயத்துக்கு மதிப்பு குறைவு.

இந்தக் கேள்வியோடு விருத்தாசலத்துக்குள் போவோம்.

பரம்பரை: முதல் வாசலிலேயே தடுமாற்றம்

பரம்பரைத் திறமைதான் காரணம் என்றால் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கலாம். ஒன்று, பீங்கான் வேலைக்கும் மண்பானை வேலைக்கும் ஒரே கைத்திறன் தேவைப்பட வேண்டும். இரண்டு, மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர்கள்தான் பீங்கான் ஊர்களாக மாறியிருக்க வேண்டும்.

முதல் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பானை சக்கரத்தில் எழும்பும். அகலும் பொம்மையும் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் வார்ப்பவை. வெள்ளைக் களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூன்றையும் அளந்து, உருளை ஆலையில் நுணுக்கரைத்து, கூழாக்கி, அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சியதும் ஓரத்தில் தோல் பிடிக்கும். மிச்சக் கூழை வடித்துவிட்டால் உள்ளே கூடாக ஒரு பொம்மை நிற்கும். அப்புறம் காய வைத்து, கிளேஸ் தோய்த்து, பீங்கானாக இறுகும் வகைகளை 1,200 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சுட வேண்டும். பானைச் சூளை அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. இது வேறு வேதியியல், வேறு சூளை, வேறு படிப்பு.

இரண்டாவதும் நிறைவேறவில்லை. மானாமதுரை கடத்துக்கும் பானைக்கும் பேர்போன ஊர். அது இன்றும் மண்பாண்ட ஊராகத்தான் இருக்கிறது. ஆகவே பரம்பரை விளக்கம் முதல் வாசலையே தாண்டவில்லை.

மண்: விடை சரி, வழி தப்பு

இப்போது மண். நெய்வேலிப் பக்கத்துக் களிமண் மனிதன் வருவதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கிறது. சோழர் காலத்திலும் இருந்தது, வெள்ளைக்காரன் காலத்திலும் இருந்தது. எப்போதும் இருந்த ஒன்று, திடீரென்று ஒரு காலத்தில் நடந்த மாற்றத்தைத் தனியாக விளக்காது. மாறியது என்ன என்று பார்க்கணும்.

மாறியது சுரங்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளியே தெரிந்தது. அந்த நிலக்கரியை எட்ட வேண்டுமென்றால் மேலே மூடியிருக்கும் மண்ணையெல்லாம் வாரி எடுக்கணும். அந்த மேல்மண்ணோடு களிமண்ணும் வந்தது. அதாவது, களிமண்ணைத் தோண்டும் செலவை மின்சாரத்துக்காக வேறொருவர் ஏற்றுக்கொண்டார்.

இதுவரை வேபர் பக்கம் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கோட்பாட்டை அவருடைய கணக்கிலேயே வைத்துப் பார்ப்போம். இழுப்பது எடை இழக்கும் பொருள். சுத்தமான கயோலின் களிமண் சுடும்போது இழப்பது அதன் எடையில் சுமார் 14 சதவீதம், உள்ளே பிணைந்திருக்கும் நீர் மட்டும்தான். எரிபொருளோ முழுக்கப் புகையாகப் போய்விடும். அப்படியென்றால் பீங்கான் தொழிலை இழுக்க வேண்டியது எரிபொருளே தவிர மண் அல்ல. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பீங்கான் ஊர்களில் அப்படித்தான் நடந்தது. உயர்ரகப் பாத்திரத்துக்கான வெள்ளை மண் தூரத்துக் கார்ன்வாலிலிருந்து வந்தது. நிலக்கரி காலடியில் இருந்தது. மண்ணைக் கொண்டுவரவும் சரக்கை அனுப்பவும் ஜோசையா வெட்ஜ்வுட் முன்னின்று கால்வாய் வெட்டவைத்தார். 1766இல் தொடங்கி 1777இல் முடிந்த ட்ரென்ட்–மெர்சி கால்வாய் அதுதான். மார்ஷலே தம் நூலில் இதைக் கவனித்திருக்கிறார்: ஸ்டாஃபர்ட்ஷயருக்குப் பொருள்கள் தூரத்திலிருந்து வருகின்றன, மலிவான நிலக்கரிதான் அங்கே பலம் என்று.

இந்தியாவிலும் பாருங்க. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா பெரிய பீங்கான் ஊர். மண் ராஜஸ்தான், குஜராத் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வருகிறது. குஜராத்தின் மோர்பி நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதியைச் செய்கிறது. அங்கேயும் மண்ணில் நிறைய ராஜஸ்தானிலிருந்து வருகிறது. ஆக, பக்கத்தில் மண் இருந்தால்தான் பீங்கான் ஊர் உருவாகும் என்பது உண்மையில்லை.

சரி, விருத்தாசலத்தில் மண் பங்கு வகிக்கவே இல்லையா? வகித்தது. ஆனால் யாரை இழுத்தது என்பதுதான் கேள்வி. வேபர் சொல்கிறபடி என்றால் இப்படி ஒரு வரிசையை எதிர்பார்க்கலாம்: மண் மலிவாகக் கிடைக்கிறது, தனியார் முதலாளி கணக்குப் போடுகிறார், ஆலை கட்டுகிறார், ஆட்கள் சேருகிறார்கள், கடைசியில் அவர்களுக்காகப் பள்ளிக்கூடம் வருகிறது. விருத்தாசலத்தில் வரிசை தலைகீழ்.

அரசு: கையும் களவுமாக

1950களின் கடைசியிலும் 1960களிலும் சென்னை மாநிலத்தில் தொழிற்பேட்டை என்பது ஒரு கொள்கை. காமராஜர் முதல்வர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் திறக்கப்பட்டது. ஷெட்டை அரசு கட்டும். சிறு முதலாளி இயந்திரத்தோடு வந்து உட்கார்ந்தால் போதும்.

அதன் தொடர்ச்சிதான் விருத்தாசலம். நெய்வேலிச் சுரங்கம் திறந்த அதே பத்தாண்டில் அரசு அங்கே பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை போட்டது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ கல்வி நிறுவனமும் தொடங்கியது. பின்னால் தமிழ்நாடு செராமிக்ஸ், சுருக்கமாக டாசெல் என்ற அரசு நிறுவனமும் வந்தது. சிறு அலகுகள் அரசு ஷெட்டுகளில்தான் குடிவந்தன.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்க. அரசுதான் காரணம் என்பது பொய்யாக இருந்தால் இந்தத் தடயம் இருந்திருக்குமா? ஏற்கெனவே வளர்ந்த தொழிலுக்கு அரசு பிற்பாடு உதவி செய்வது எங்கும் நடக்கும். அது பலவீனமான சான்று. ஆனால் தொழிலுக்கு முன்பாகவே அதற்கான பள்ளி, ஷெட் இரண்டும் ஒரே ஊரில் வருவது தற்செயலாக நடக்காது. விளக்கு பரணில் கிடைத்த மாதிரிதான் இது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: விருத்தாசலத்தில் மண் முதலாளியை இழுக்கவில்லை, அரசாங்கத்தை இழுத்தது. வேபருடைய முடிவு சரி, தொழில் மண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் சொன்ன வழி தப்பு. நூறு ஊர்ப் பட்டியலில் இது "மண் உண்டு, தொழில் உண்டு" என்று வேபர் கணக்கில் ஏறியிருக்கும். ஊருக்குள் போய் எது முன், எது பின் என்று பார்த்ததால்தான் அந்த மதிப்பெண் அவருக்குச் சேராது என்று தெரிகிறது.

அதற்காக அரசு மட்டுமே போதும் என்றும் சொல்ல முடியாது. அதே காலத்தில் நாடெங்கும் போட்ட ஊரகத் தொழிற்பேட்டைகள் பல காலியாகக் கிடந்தன. இன்னொரு பக்கம் குர்ஜாவைப் பாருங்க: இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பீங்கான் வரவு நின்றதும், 1942இல் மாகாண அரசு ராணுவ மருத்துவமனைகளுக்காக அங்கே ஒரு ஆலை போட்டது. 1946இல் ஆலை மூடியது. அதை அப்படியே விட்டுவிடாமல் சிறு தொழில்முனைவோருக்கான வளர்ச்சி மையமாக மாற்றினார்கள். ஊர் எழுந்தது. மண் இல்லாத ஊரிலும் அரசுப் பட்டறை விதையாக முடிந்திருக்கிறது.

மார்ஷலுக்கு ஒரு சோதனை

கூட்டம் என்ற விளக்கம்? ஊர் பிறந்த கதையில் அதற்கு இடமில்லை. பிறக்கும்போது கூட்டமே கிடையாதே. ஆனால் பிற்பாடு அதற்கு ஒரு நல்ல சோதனை வாய்த்தது. டாசெல் மூடப்பட்டது. அரசு ஒன்றுதான் தூண் என்றால் தூண் விழுந்ததும் கூரை விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. சிறு அலகுகள் தொடர்ந்தன. இன்றும் கார்த்திகைக்குச் சில மாதங்கள் முன்பே அகல் வேலை மும்முரமாகிவிடும். கூழ் பதம் தெரிந்தவர், அச்சு வெட்டத் தெரிந்தவர், சூளைச் சூட்டின் நிறம் பார்த்துச் சொல்பவர், எல்லாரும் நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் இப்படித் தாக்குப்பிடிக்க முடியும். மார்ஷலின் கோட்பாடு பிறப்பை விளக்காது. உயிர் தங்கியதை விளக்கும்.

அப்படியானால் ஏன் இன்னொரு மோர்பி ஆகவில்லை? இங்கே நான்கு கோட்பாடும் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது: வாங்குகிறவர். வீட்டுக்கு வீடு மின் இணைப்பு வந்த காலத்தில் ஃபியூஸ் கட்டைக்கும் இன்சுலேட்டருக்கும் கிராக்கி. பிறகு எம்.சி.பி. ஸ்விட்ச் வந்து ஃபியூஸ் கட்டையை ஓரங்கட்டிவிட்டது. மோர்பிக்காரர்கள் ஓட்டிலிருந்து டைல்ஸுக்குத் தாவினார்கள். எரிவாயுக் குழாய் வந்தது. நாடு முழுக்க வீடு கட்டுகிற எல்லாரும் வாடிக்கையாளர். அகலுக்கும் கொலு பொம்மைக்கும் வருஷத்தில் சில வாரச் சந்தைதான்.

இதனால் யாருக்கு என்ன?

இது வெறும் அறிவுப் பயிற்சியில்லை. எந்தக் காரணத்தை நம்புகிறோமோ, அங்கேதான் பணம் போகும். "மண்தான் எல்லாம்" என்று நம்புகிற அதிகாரி, மண் ஒதுக்கீட்டை உறுதி செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார். அந்த மண்ணும் இலவசமல்ல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியது நினைவிருக்கும். சுரங்கம் விரியும்போது நிலம் இழக்கிறவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சூளைக்காரருக்கு மண் மலிவாகக் கிடைத்ததென்றால், அதன் விலையில் ஒரு பங்கை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

மாறாக, இந்த ஊரைப் பிறப்பித்தது பள்ளியும் பொதுப் பட்டறையும், காப்பாற்றியது ஆட்களின் கைத்திறன் என்று நம்பினால் கேள்விகளே மாறும். அந்தக் கல்வி நிறுவனத்தில் இடங்கள் நிரம்புகின்றனவா? அச்சு வெட்டுகிறவரின் பிள்ளை அதே வேலைக்கு வருகிறதா? ஃபியூஸ் கட்டைக்குப் பதில் என்ன செய்யலாம் என்று பார்க்க ஒரு சோதனைக்கூடம் இருக்கிறதா? கிழக்கே நெய்வேலியில் எவ்வளவு மண் மிச்சம் என்பதைவிட இவைதான் அவசரமான கேள்விகள்.

இதைக் கேட்கிற மாணவர்கள் யாராவது உங்கள் ஊர்த் தொழிலைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால், சிவகாசித் தீப்பெட்டியோ திண்டுக்கல் பூட்டோ பத்தமடைப் பாயோ எதுவாக இருந்தாலும், முதலில் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுங்க. பள்ளி முன்னாலா, பட்டறை முன்னாலா, வியாபாரி முன்னாலா? அப்புறம் ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும், "என் விளக்கம் பொய் என்றாலும் இது நடந்திருக்குமா?" என்று ஒரு கேள்வி போடுங்க. பாதிக்கு மேல் சான்றுகள் அங்கேயே உதிர்ந்துவிடும். உதிராமல் நிற்கிற இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு எழுதினால் போதும். அடுத்த பகுதியில் சந்திப்போம்.